வளரும் பிள்ளைக்கு எந்தப் பால்? யாங்கோன் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது ஞாயிறுதோறும் கோயில் மண்டபத்தில் நடக்கும் தமிழ் வகுப்புக்குப் பேத்தியை அழைத்துப் போகிறேன். வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருக்கும் தாய்மார்கள் என்னிடம் கேட்பவற்றில் பாதி, பாலைப் பற்றிய கேள்விகள்தான். மோல்மேனிலும் பெகுவிலும் இருக்கும் உறவுப் பெண்கள் தொலைபேசியில் கேட்பதும் இதுவே. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி: பால் என்றால் எல்லாம் பால்தானே அக்கா? கடையில் எது கிடைக்கிறதோ அதை வாங்கிக் கொடுத்தால் என்ன?

நம் ஊரில் இந்தக் குழப்பம் வருவதில் வியப்பில்லை. பர்மிய மொழியில் பாலுக்கு 'நோ' என்று பெயர். தேங்காய்ப் பால் 'ஒன்நோ', சோயாப் பால் 'பெநோ', டின்னில் வரும் இனிப்புப் பால் 'நோசி'. தமிழிலும் நாம் தேங்காயைப் பிழிந்தால் பால் என்கிறோம், ஆலமரத்தைக் கீறினாலும் பால் என்கிறோம். பெயர் ஒன்றாக இருக்கிறதே தவிர உள்ளே இருப்பது வேறு வேறு. பசும்பாலில் இருக்கும் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் தேங்காய்ப் பாலில் கிடையாது. நோசியில் பாதிக்கு மேல் சர்க்கரை. ஆகவே டின்னின் மேல் உள்ள பெயரையும் படத்தையும் விட்டுவிட்டு, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள பட்டியலைப் படியுங்கள். எது அதிகமோ அதுதான் முதலில் எழுதப்பட்டிருக்கும்.

கேள்வி: பிறந்த குழந்தைக்கு எனக்குப் பால் போதவில்லை என்று மாமியார் சொல்கிறார். டின் பால் தொடங்கலாமா?

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். அதற்குப் பிறகு சோறும் பருப்பும் மீனும் கொடுத்துக்கொண்டே இரண்டு வயது வரையோ அதற்கு மேலுமோ தாய்ப்பாலைத் தொடரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை இது. முதல் நாட்களில் மஞ்சளாகக் கெட்டியாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைக் கொட்டாதீர்கள். குழந்தைக்கு முதல் நோய்த்தடுப்பு அதுதான். சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தடவுவதும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கி உடலைத் தளர்த்திவிடும்.

குழந்தை அழுவதை மட்டும் வைத்துப் பால் போதவில்லை என்று சொல்ல முடியாது. நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறதா, மாதத்துக்கு மாதம் எடை ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பால் போதுகிறது. குழந்தை எவ்வளவு அடிக்கடி சப்புகிறதோ அவ்வளவு சுரக்கும். இடையில் புட்டியைக் கொடுத்தால் சப்புவது குறையும், சுரப்பும் குறையும். அதன் பிறகு மாமியார் சொன்னது பலித்துவிட்டது போலத் தெரியும்.

இந்த இடத்தில் தாயின் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வராது. இந்த நாட்டில் எத்தனையோ கைக்குழந்தைகளைப் பறித்த நோய் பெரிபெரி. தாயின் உணவில் பி1 என்கிற தயமின் சத்து குறைந்தால் அவளது பாலிலும் அது குறைந்துவிடும். நன்றாக இருந்த இரண்டு மூன்று மாதக் குழந்தை பால் குடிக்க மறுக்கும், மூச்சு வாங்கும், தொண்டை கம்மிப்போகும். வாய் திறந்து அழும், சத்தம் வராது. விட்டால் சில மணி நேரத்தில் இதயம் நின்றுவிடும். நேரத்தில் தயமின் ஊசி போட்டால் அதே சில மணி நேரத்தில் தேறிவிடும். அப்படித் தேறிய குழந்தைகளைக் கையில் ஏந்தியிருக்கிறேன், தேறாதவர்களையும்தான். அழுகையில் சத்தம் வராவிட்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பத்தியம் என்ற பெயரில் பிள்ளை பெற்றவளுக்கு வெறும் வெள்ளைச் சோறும் உப்பும் கொடுப்பதுதான் பெரிய காரணம். தீட்டிய அரிசியில் இந்தச் சத்து ஏற்கெனவே குறைவு. அதை நாலு தண்ணீர் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஊறவைத்த தேயிலையும் கடும் தேநீரும் இருக்கிற கொஞ்சத்தையும் கெடுக்கும். அவளுக்குப் பருப்பு, பயறு, வேர்க்கடலை, முட்டை, மீன் எல்லாம் கொடுங்கள். பன்றி இறைச்சி சாப்பிடும் வீடானால் அதிலும் இந்தச் சத்து நிறைய உண்டு. பத்தியம் இருக்கத்தான் வேண்டுமென்றால் பருப்பை விலக்காத பத்தியமாக இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் பாட்டி எல்லாப் பிள்ளைகளையும் நோசி கரைத்துக் கொடுத்துத்தான் வளர்த்தார். நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம்?

இந்தக் கேள்வி என் வீட்டிலும் கேட்கப்பட்டதுதான். என் அம்மாவும் அப்படித்தான் எங்களை வளர்த்தார். ஐஸ் பெட்டி இல்லாத காலம், பசும்பால் மதியத்துக்குள் திரிந்துவிடும், நோசி டின் மாதக்கணக்கில் கெடாது. கெடாமல் காப்பது அதில் உள்ள சர்க்கரை. 1856-இல் அமெரிக்காவில் கெயில் போர்டன் என்பவர் பாலைச் சுண்டவைத்துக் கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சர்க்கரை சேர்த்த டின் பால் அதன் பிறகு வெப்ப நாடுகளெங்கும் பரவியது.

கணக்கைப் பாருங்கள். 100 கிராம் நோசியில் ஏறக்குறைய 55 கிராம் சர்க்கரை. அதில் பாலுக்கு இயல்பாக உள்ளது 11 கிராம் போல. மற்றது முழுவதும் மேலே கொட்டியது. இரண்டு பெரிய கரண்டி, அதாவது 40 கிராம், எடுத்து ஒரு டம்ளர் வெந்நீரில் கரைத்தால் மூன்று கிராம் போலப் புரதமும், நாலு தேக்கரண்டிக்கு மேல் கொட்டிய சர்க்கரையும் குழந்தைக்குப் போகின்றன. அதே டம்ளர் பசும்பாலில் புரதம் ஆறு கிராமுக்கு மேல். கொட்டிய சர்க்கரை ஒரு பருக்கைகூட இல்லை. சர்க்கரை வயிற்றை நிரப்பிவிடுவதால் பிள்ளை சோறு கேட்காது. கன்னம் உப்பியிருக்கும், தசை வளர்ந்திருக்காது.

1939-இல் சிங்கப்பூரில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், தாய்ப்பாலை நிறுத்திவிட்டு டின் பால் கொடுக்கச் சொல்லும் விளம்பரங்களை எதிர்த்து ஒரு கூட்டத்தில் பேசினார். அந்தப் பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. வார்டில் நின்று பார்த்தவர் என்பதால் அவ்வளவு கடுமையாகச் சொன்னார். அந்தக் கடுமை சரியானதுதான் என்பது என் எண்ணம்.

நாம் நன்றாக இருக்கிறோம் என்று சொல்ல உயிரோடு இருப்பவர்கள் மட்டும்தான் வர முடியும். என் அம்மா பெற்றது ஏழு. வளர்ந்தது நாங்கள் நால்வர். டின் பால்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அன்று எழுதி வைத்தவர் யாரும் இல்லை. ஆனாலும் எங்கள் நால்வருக்கும் பால் பற்கள் ஐந்து வயதுக்குள் கறுத்துக் கொட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நோசி டின் நம் வீடுகளில் இருக்கட்டும். எட்டு டின் ஒரு பியி என்று அரிசி அளக்க அதைவிட நல்ல அளவை இல்லை. பாயசத்துக்கு ஒரு கரண்டி ஊற்றுங்கள். குழந்தையின் அன்றாடப் பாலாக அது வேண்டாம், ஒரு வயதுக்குள் ஒரு சொட்டும் வேண்டாம்.

கேள்வி: சில டின்களில் பால் என்றே எழுதவில்லை, 'க்ரீமர்' என்று இருக்கிறது. அது என்ன?

பால் கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாமாயில் சேர்த்தது. விலை குறைவு, தேநீருக்குக் கெட்டியான நிறம் தரும். அதனால் கடைகள் வாங்குகின்றன. புரதம் மிகக் குறைவு. பிள்ளைக்குப் பாலாக எண்ண வேண்டாம்.

கேள்வி: ஒரு வயதுக்குள் பசும்பால் கொடுத்தால் என்ன தவறு? பால்காரர் வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறார்.

பசும்பால் கன்றுக்காகச் சுரப்பது. கன்று ஒன்றரை மாதத்தில் பிறந்த எடையைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடும். நம் குழந்தைக்கு நாலைந்து மாதம் பிடிக்கும். அதற்கேற்பப் பசும்பாலில் புரதம் தாய்ப்பாலைவிட மூன்று மடங்கு, உப்புச்சத்துகளும் அதிகம். சின்னக் குழந்தையின் சிறுநீரகத்துக்கு அது பாரம். போதாததற்கு, இரும்புச்சத்து ஒரு லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுதான். சில கைக்குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசியவும் செய்யும். அதனால் ஒரு வயது முடியும்வரை பசும்பாலை முக்கியப் பாலாக்காமல் இருப்பது நல்லது. தயிர் ஒரு கரண்டி, கஞ்சியில் கொஞ்சம் பால் என்று எட்டு ஒன்பது மாதத்தில் சேர்ப்பதில் தவறில்லை.

தாய்ப்பால் கொடுக்கவே வழியில்லாத வீடுகளும் உண்டு. தாய் இல்லாமல் பாட்டியிடம் வளரும் குழந்தைகளை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களுக்கு ஆறு மாதம் வரை கைக்குழந்தைகளுக்கென்று தயாரித்த பால் பவுடரைத் தவிர வேறு வழி இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் அதைத் தொடர்ந்து வாங்க முடியாவிட்டால், நன்றாகக் காய்ச்சிய முழுக்கொழுப்புப் பாலையும் இரும்புச்சத்துள்ள உணவையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் இடம் தருகிறது. காசு போதவில்லை என்று பவுடரில் தண்ணீரைக் கூட்டிக் கொடுப்பதைவிட இது மேல்.

கேள்வி: ஒரு வயது முடிந்துவிட்டது. இனி எந்தப் பால், எவ்வளவு?

காய்ச்சிய, சர்க்கரை சேர்க்காத, முழுக்கொழுப்புப் பசும்பால். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர், அதாவது 400 முதல் 500 மில்லி. தாய்ப்பால் தொடர்கிறது என்றால் இதைவிடக் குறைவாகவே போதும். தயிராகக் கொடுத்தாலும் பால்தான். புட்டியை ஒதுக்கிவிட்டு டம்ளருக்கு மாற்றுங்கள். முதல் வாரம் பாதி சட்டையில்தான் கொட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொழுப்பு நீக்கிய பாலைச் சிலர் நல்லது என்று வாங்குகிறார்கள். இரண்டு வயது வரை மூளை வளர்ச்சிக்குக் கொழுப்பு வேண்டும், அதை நீக்காதீர்கள். இரண்டு வயதுக்கு மேல் எடை கூடிய பிள்ளைக்கு மருத்துவர் சொன்னால் மாற்றலாம். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒல்லிதான்; அவர்கள் பாலாடையோடு குடிக்கட்டும்.

கேள்வி: என் மகன் சோறே தொடமாட்டான், ஆனால் பால் ஒரு லிட்டர் குடிப்பான். பால் குடிக்கிறான் என்பதால் பயமில்லைதானே?

எனக்கு அதுதான் பயம். வார்டுக்கு ஒரு பையன் வந்தான், இரண்டரை வயது. கொழுகொழுவென்று இருந்தான், தாய்க்கு அவனைப் பார்க்கப் பெருமை. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் காகிதம் போல வெளுத்திருந்தது. ஓடி விளையாடாமல் மடியிலேயே சாய்ந்து கிடந்தான், மண்ணை எடுத்துத் தின்றான். பால் மட்டுமே குடித்து வளர்ந்ததால் இரும்புச்சத்து குறைந்து இரத்தசோகை. அந்த வயதுக்கு நாளொன்றுக்கு ஏழு மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஒரு லிட்டர் பாலில் எவ்வளவு என்று மேலே சொல்லியிருக்கிறேன். பாலில் உள்ள சுண்ணாம்புச்சத்து மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் கொஞ்சம் தடுக்கும்.

பாலைப் படிப்படியாக இரண்டு டம்ளருக்குக் குறையுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்காமல், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். இரண்டு நாள் அழுவான், மூன்றாம் நாள் சோற்றில் கை வைப்பான். ஈரல், மீன், கோழி, முட்டை, பருப்பு, கீரை கொடுத்து, மேலே அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். புளிப்பு இரும்பை உடலில் சேர்க்கும். புளிச்சக்கீரை நம் ஊர்ச் சந்தையில் எந்நாளும் கிடைக்கும், இரு மொழிக்காரர் வீட்டிலும் சமைக்கிறோம். பிள்ளைக்கும் ஒரு கரண்டி வையுங்கள்.

கேள்வி: எருமைப் பால், ஆட்டுப் பால் நல்லதா?

எருமைப் பாலில் கொழுப்பு பசும்பாலைப் போல இரண்டு மடங்கு வரும், சுண்ணாம்புச்சத்தும் கூடுதல். ஒரு வயதுக்கு மேல் கொடுக்கலாம். செரிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்பதால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டுப் பால் எளிதில் செரிக்கும் என்று நம்மவர்கள் சொல்வார்கள். ஒரு வயதுக்கு மேல் மற்ற உணவோடு சேர்த்துக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அதில் இரத்தம் ஊறத் தேவையான ஃபோலேட் சத்து மிகக் குறைவு. அதையே முழு உணவாக்கினால் வேறொரு வகை இரத்தசோகை வரும். பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு மாற்றாக ஆட்டுப் பாலைக் கொடுக்கவே கூடாது. பெரும்பாலும் அதுவும் ஒத்துக்கொள்ளாது.

கேள்வி: சந்தையில் பால் பவுடரைப் பிரித்துப் பொட்டலமாக விற்கிறார்கள். விலை மலிவு. வாங்கலாமா?

வேண்டாம். எந்தத் தொழிற்சாலை, எப்போது கெடும், பாலா க்ரீமரா, ஒன்றும் தெரியாது. 2008-இல் சீனாவில் பால் பவுடரில் மெலமின் என்ற வேதிப்பொருளைக் கலந்ததால் மூன்று லட்சம் குழந்தைகள் அளவில் பாதிக்கப்பட்டார்கள், ஆறு கைக்குழந்தைகள் இறந்தார்கள். அங்கே முத்திரையிட்ட டின்னிலேயே அது நடந்தது. முத்திரையே இல்லாத பொட்டலத்தை எப்படி நம்புவது? உணவு மருந்து நிர்வாகத் துறையின் பதிவு எண்ணும் தேதியும் உள்ள சிறிய பாக்கெட்டாக வாங்குங்கள்.

சாதாரண முழுக்கொழுப்புப் பால் பவுடர் ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பசும்பாலுக்குச் சமம்தான். கைக்குழந்தைக்கு அது கூடாது. கைக்குழந்தைப் பவுடரைக் கரைக்கும்போது கொதித்த தண்ணீரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிடாதீர்கள். 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கரைத்து, பிறகு புட்டியைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றிக் கொடுங்கள். பவுடரிலேயே கிருமி இருக்கக்கூடும் என்பதால்தான் இந்தச் சூடு. கரைத்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டால் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: 'ஒரு வயது முதல் மூன்று வயது வரை' என்று போட்ட டின் பவுடர் மூளையை வளர்க்கும் என்கிறார்கள். கடன் வாங்கியாவது கொடுக்க வேண்டுமா?

கடன் வாங்காதீர்கள். ஒரு வயதுக்கு மேல் இந்த வகைப் பவுடர் தேவையே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. பலவற்றில் சர்க்கரை சேர்த்திருக்கிறார்கள். அந்த டின்னின் விலைக்கு ஒரு மாதம் முட்டையும் மீனும் பசும்பாலும் வாங்கலாம். சங்கிலியை அடகு வைத்து அந்த டின்னை வாங்கிய பெண்ணைப் பார்த்திருக்கிறேன். கடைசிப் பத்து நாளுக்குப் பவுடரைப் பாதியாக்கித் தண்ணீராகக் கரைத்துக் கொடுத்தாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'நல்ல தாய் இதைத்தான் வாங்குவாள்' என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்மேல்தான் கோபம் வந்தது. தாய்ப்பாலுக்கு மாற்று என்று விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்தும் உலக நெறிமுறை 1981-லேயே வந்தது. மியன்மாரிலும் 2014-இல் அதற்கான ஆணை வந்தது. ஆனாலும் கடைக்காரர் கையில் இலவச டம்ளரோடு வருகிறது அந்த டின்.

மால்ட் பொடிகளும் இப்படித்தான். பாலில் சுவைக்காக எப்போதாவது ஒரு தேக்கரண்டி போடலாம். அவற்றால் உயரம் வளராது.

கேள்வி: மின்சாரம் நாளில் பாதி நேரம் இல்லை. பாலை எப்படிக் காப்பது?

காலையில் வாங்கியதும் உடனே காய்ச்சுங்கள். பொங்கி மேலே வரவேண்டும். பிறகு தீயைக் குறைத்துக் கிளறிக்கொண்டே இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். பச்சைப் பாலில் காசநோய்க் கிருமியும் மாட்டுக் காய்ச்சல் கிருமியும் வரலாம். பச்சையாகக் குடித்தால் பலம் என்று சொல்பவர்கள் பேச்சைப் பிள்ளை விஷயத்தில் கேட்காதீர்கள். மூடி வைத்து, ஆறியதும் குடிக்க வேண்டிய அளவைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மதியத்துக்குள் உறை ஊற்றிவிடுங்கள். நம் சூட்டில் நாலு மணி நேரத்தில் தோய்ந்துவிடும். நம் பாட்டிமார்கள் கண்ட குளிர்ப்பெட்டி அதுதான்.

அதிவெப்பத்தில் பதப்படுத்திக் காகிதப் பெட்டியில் அடைத்த பால் மின்வெட்டு வீட்டுக்கு மிக ஏற்றது. பிரிக்காதவரை வெளியிலேயே மாதக்கணக்கில் இருக்கும், சத்தும் பெரிதாகக் குறையாது. 200 மில்லிப் பெட்டியாக வாங்கினால் ஒரு வேளையில் தீர்ந்துவிடும். சர்க்கரையும் வாசனையும் சேர்க்காத வெள்ளைப் பாலா என்று மட்டும் பாருங்கள். ஸ்ட்ராபெரிப் படம் போட்டது வேண்டாம்.

கேள்வி: சோயாப் பாலும் அக்கியாக்குவே என்ற பொரித்த மாவுக் குச்சியும் காலையில் கொடுத்தால் பால் கணக்கில் சேருமா?

புரதக் கணக்கில் சேரும். சோயாப் பாலில் புரதம் பசும்பாலுக்கு அருகில் வருகிறது. தள்ளுவண்டியில் விற்பதில் சுண்ணாம்புச்சத்து பசும்பாலில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது. தொழிற்சாலையில் தனியாகச் சேர்த்த பெட்டியானால் லேபிளில் போட்டிருப்பார்கள். சர்க்கரை இல்லாமல் கேட்டு வாங்குங்கள். கவுஸ்வே நூடுல்ஸில் ஊற்றும் தேங்காய்ப் பால் ருசிக்கு மட்டும். ஷான் தோஃபுவைச் சிலர் சோயா என்று நினைத்துச் சுண்ணாம்புச்சத்துக்காக வாங்குகிறார்கள். அது கொண்டைக்கடலை மாவில் செய்வது. நல்ல உணவுதான், ஆனால் அந்தச் சத்துக்காக அல்ல.

கேள்வி: பால் குடித்தால் பிள்ளைக்கு வயிறு உப்பிப் பேதியாகிறது. ஒவ்வாமையா?

இரண்டு வேறு விஷயங்கள் உண்டு. பால் சர்க்கரை செரிக்காமல் போவது ஒன்று. ஆசியர்களில் பெரும்பாலோருக்கு வளர வளர அதைச் செரிக்கும் திறன் குறைகிறது. ஐந்து வயதுக்குள் அரிது. வயிறு உப்பும், காற்றுப் பிரியும், உயிருக்கு ஆபத்தில்லை. இவர்களுக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும், பாலையும் சாப்பாட்டோடு அரை டம்ளராகக் கொடுத்தால் பலர் தாங்குவார்கள். மற்றது உண்மையான ஒவ்வாமை. பாலில் உள்ள புரதத்தை உடல் எதிரியாகப் பார்ப்பது. உடலில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மலத்தில் இரத்தம், மூச்சிரைப்பு இருந்தால் பாலை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூச்சிரைப்பு என்றால் அந்த நிமிடமே.

வழக்கமாகப் பால் ஒத்துக்கொள்ளும் பிள்ளைக்குப் பேதி வந்தால் பாலை நிறுத்த வேண்டியதில்லை. தாய்ப்பாலைக் கூட்டிக் கொடுங்கள், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள், சோறும் கொடுங்கள்.

கேள்வி: தேநீர்க் கடையில் அப்பாவோடு உட்கார்ந்து பிள்ளையும் ஒரு வாய் குடிக்கிறான். பரவாயில்லையா?

தேநீர்க் கடையில் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருப்பது பிள்ளைக்கு எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். அதைத் தடுக்க வேண்டாம். கோப்பையை மட்டும் தள்ளி வையுங்கள். லபெயே என்கிற பால் தேநீரின் கடும் சாயம் இரும்பைத் தடுக்கும், நோசியின் சர்க்கரை பல்லைத் தின்னும், தூக்கமும் கெடும். அவனுக்குப் பலாட்டா ஒரு துண்டு, வேகவைத்த பட்டாணி ஒரு தட்டு சொல்லுங்கள்.

கேள்வி: மீன் சாப்பிட்ட அன்று பால் குடித்தால் வெண்புள்ளி வரும் என்கிறார்கள். இரவில் பால் சளி பிடிக்கும் என்கிறார்கள்.

இரண்டும் வராது. பாலைக் குடித்ததும் எச்சில் கொஞ்சம் கெட்டியாகத் தோன்றும், அதைச் சளி என்று நினைக்கிறோம். இரவில் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கவிட்டால் முன்பற்கள் சொத்தையாகிவிடும். குடித்து முடித்ததும் வாயைத் துடைத்துவிட்டுப் படுக்க வையுங்கள்.

கேள்வி: விலைவாசியில் பால் வாங்கவே முடியவில்லை அக்கா. பால் இல்லாமல் பிள்ளை வளராதா?

வளரும். இதைக் கேட்கும்போது பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், ஏதோ தவறு செய்தவர்கள் போல. இந்த நாட்டில் பல தலைமுறைகள் பால் இல்லாமலே வளர்ந்திருக்கின்றன. சுண்ணாம்புச்சத்து மற்ற இடங்களிலும் இருக்கிறது. முள்ளோடு சாப்பிடும் சின்ன மீன்தான் முதலாவது. காய்ந்த நெத்திலியை வறுத்துப் பொடித்து, பிள்ளையின் பருப்புச் சோற்றில் ஒரு தேக்கரண்டி கலந்துவிடுங்கள். உப்புக் கருவாடானால் ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டுப் பிறகு வறுங்கள். முருங்கைக் கீரை 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. வேலியோரத்தில் சும்மா கிடைக்கிறது. எள்ளுருண்டை கொடுங்கள். எள் விளையும் நாடு இது. முட்டை நாளுக்கு ஒன்று முடியாவிட்டால் இரண்டு நாளைக்கு ஒன்று. மொய்ங்காவில் மீனும் கடலை மாவும் சேர்வதால் அதுவும் நல்ல காலை உணவு.

சிறிது பால் வாங்க முடிகிறது என்றால் வீட்டில் சின்னவனுக்கும், கர்ப்பிணிக்கும் முதலில் கொடுங்கள். தண்ணீர் கலந்து எல்லோருக்கும் பங்கிட வேண்டாம்.

கேள்வி: பத்து வயதுக்கு மேல் பால் நிறுத்திவிடலாமா? பெண் பிள்ளை குண்டாகிவிடுவாளே?

நிறுத்தக்கூடாத வயதே அதுதான். சுண்ணாம்புச்சத்துத் தேவை மூன்று வயது வரை நாளுக்கு 500 மில்லிகிராம், ஆறு வயது வரை 600, ஒன்பது வரை 700. பத்து வயதில் அது 1300-க்குத் தாவுகிறது, பதினெட்டு வரை அப்படியே நிற்கிறது. எலும்பு நீண்டு கெட்டிப்படும் காலம் அது. ஒரு டம்ளர் பாலில் 240 மில்லிகிராம் கிடைக்கிறது. மிச்சத்தை மீனும் கீரையும் எள்ளும் நிரப்ப வேண்டும். இரண்டு டம்ளர் பாலால் எந்தப் பெண்ணும் குண்டாவதில்லை. அதற்குள் போடும் மூன்று கரண்டிச் சர்க்கரைதான் காரணம். வீட்டில் தம்பிக்கு ஒரு டம்ளரும் அக்காவுக்கு அரை டம்ளரும் ஊற்றும் பழக்கம் இருந்தால் அதை இன்று மாலையே மாற்றிவிடுங்கள்.

என் பேத்திக்கு வயது பதினொன்று. காலையில் ஒரு டம்ளர் வெறும் பால், மாலையில் ஒரு கிண்ணம் தயிர்ச் சோறு, தொட்டுக்கொள்ள வறுத்த நெத்திலி. பாலில் சர்க்கரை கேட்டுச் சில மாதம் சண்டை போட்டாள். இப்போது அவள் தோழிகள் வீட்டில் இனிப்புப் பால் கொடுத்தால், திகட்டுகிறது என்று பாதியில் வைத்துவிட்டு வருகிறாள்.